சைக்கிள் இருக்கை உரசலுக்கு எந்தக் கிரீம்?

கேள்வி: விடுமுறை நாள்களில் காட்பாடியிலிருந்து அமிர்தி வரை சைக்கிளில் சென்று வருகிறேன். திரும்பும்போது தொடையிடுக்கில் தோல் உரசிப் புண்ணாகிவிடுகிறது. வாசலின் போதுமா, சைக்கிள் ஓட்டுவோருக்கென்றே விற்கும் கிரீமை வாங்க வேண்டுமா?
– வாசகர், காட்பாடி

பதில்: தோலுக்கும் துணிக்கும் இடையே வழவழப்பான படலமாக நின்று உரசலைக் குறைப்பதே இக்கிரீம்களின் வேலை. வாசலினும் அதைச் செய்யும். ஆனால் அது நீரில் கரையாததால், மெத்தை வைத்த சைக்கிள் கால்சட்டையில் படிந்து, துவைத்தாலும் எளிதில் போகாது. எப்போதாவது ஓட்டுபவருக்கு அது போதும். வாராவாரம் செல்லும் உங்களுக்கு, நீரில் கழுவினால் நீங்கும் கிரீமே நல்லது என்பேன்.

வேலூர் வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்குமென்று மெந்தால் கலந்ததை வாங்கிவிடாதீர்கள். உரசிய தோலில் அது கடுமையாக எரியும். மணம் சேர்க்காத ஒன்றைத் தேர்ந்து, முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்தபின் பயன்படுத்துங்கள். புறப்படுமுன் தோலிலும் கால்சட்டையின் மெத்தையிலும் மெல்லியதாகப் பூசினால் போதும்.

மருந்துக் கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் படர்தாமரைக் களிம்புகளை மட்டும் தயவுசெய்து தடவாதீர்கள். அவற்றுள் பலவற்றில் கலந்திருக்கும் ஸ்டீராய்டு, தோலை மெலிதாக்குவதோடு, பூஞ்சைத் தொற்று இருந்தால் அதை மறைத்து வளரவும் விடும்.

மெத்தைக் கால்சட்டைக்குள் உள்ளாடை வேண்டாம். வீடு திரும்பியதும் அதைக் கழற்றிக் குளித்து, ஒவ்வொரு முறையும் துவைத்து நன்கு உலர்த்துங்கள். அந்த இடம் மரத்துப்போனால் குறை தோலில் இல்லை, இருக்கையின் உயரத்திலோ சாய்விலோ இருக்கலாம். கட்டியோ சீழோ தோன்றினால், ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள்.