ஜன்னலத் திறந்து வெச்சா பீடி புகை போயிடுமா?

கேள்வி: எனக்கு இப்ப அஞ்சு மாசம். கடலூர் ஓல்டு டவுன்ல மாமியார் வீட்ல இருக்கோம். மாமா திண்ணையில உக்காந்து பீடி குடிப்பாரு, வீட்டுக்காரர் பாத்ரூம்ல எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டு சிகரெட் குடிப்பாரு. சொன்னா அத்தை "நான் மூணு பெத்தேன், அப்பவும் மாமா குடிச்சாருதான், எந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு"ன்றாங்க. நான்தான் வீணா பயப்படுறேனா?

பதில்: வீண் பயமே இல்ல தங்கச்சி. அத்தையோட மூணு புள்ளைங்களும் நல்லா பொறந்தது சந்தோஷம்தான், ஆனா புகை பட்ட எல்லா குழந்தைக்கும் கெடுதல் வரும்னு யாரும் சொல்லல, வர்றதுக்கான வாய்ப்பு கூடுது, அது எந்தக் குழந்தைக்குன்னு முன்னாடியே யாருக்கும் தெரியாது, அதான் பயமே.

பீடி சிகரெட் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. அது நம்ம ரத்தத்துல ஹீமோகுளோபின்ல ஆக்சிஜனவிட 200 மடங்குக்கு மேல கெட்டியா ஒட்டிக்கும், அப்புறம் குழந்தைக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறையும். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு ஏற்கெனவே ரத்தசோகை வேற, இரும்புச்சத்து மாத்திரை முழுங்கிட்டு பக்கத்துலயே இந்தப் புகைய இழுத்தா என்னம்மா பிரயோஜனம்? நிக்கோடினும் நஞ்சுக்கொடி தாண்டி குழந்தைகிட்ட போயிடும். எடை குறைஞ்சு, அதாவது ரெண்டரை கிலோவுக்குக் கீழ பொறக்கறது, மாசம் முடியறதுக்குள்ள பொறக்கறது, வயித்துலயே இறந்துபோறது இதுக்கெல்லாம் ரிஸ்க் கூடுது. பொறந்த பிறகும் இளைப்பு, காதுல சீழ், தூக்கத்துலயே திடீர்னு இறந்துபோறதுன்னு தொடரும்.

இன்னொண்ணு, அவங்க உறிஞ்சி விடுற புகைய விட கங்குல இருந்து நேரா வர்ற புகைலதான் விஷம் ஜாஸ்தி. எக்ஸாஸ்ட் ஃபேன் அத முழுசா இழுக்காது, துண்டு, சட்டை, தலையணை எல்லாத்துலயும் ஒட்டிக்கும். வாசல் கிழக்க பாத்து இருந்தா மத்தியானம் கடல்காத்து அடிக்கிறப்ப திண்ணைப் புகை நேரா உள்ளதான் வரும். அதனால ஜன்னல், ஃபேன் எதுவும் வேலைக்கு ஆகாது, குடிக்கறதே வீட்ட விட்டு தள்ளிப்போய் தெருக்கோடிலதான், திரும்பி வந்ததும் கை கழுவி சட்டைய மாத்திட்டுதான் உங்க பக்கத்துல உக்காரணும்.

பொது இடத்துல குடிச்சா 200 ரூபா வரைக்கும் ஃபைன்னு சட்டம் இருக்கு, 2008 அக்டோபர் 2லருந்து பஸ் ஸ்டாண்டு, ஹோட்டல்னு எல்லா இடத்துலயும் தடை. வீட்டுக்குள்ள அந்த சட்டம் வராது, பேசித்தான் ஆகணும். நீங்க பேசாதீங்க, மருமக சொல்றான்னு ஆயிடும். அஞ்சாம் மாச ஸ்கேனுக்கு வீட்டுக்காரர கூட்டிட்டுப் போய் அவர வெச்சுக்கிட்டே டாக்டர்ட்ட இதக் கேளுங்க. மாமாகிட்ட அவர்தான் சொல்லணும், இல்லன்னா வீட்டுக்கு வர்ற நர்ஸம்மாவ சொல்லச் சொல்லுங்க, பெரியவங்க அவங்க பேச்சத் தட்ட மாட்டாங்க. நிறுத்தணும்னு வீட்டுக்காரருக்கு மனசு இருந்தா 1800-11-2356க்கு போன் போடச் சொல்லுங்க, காசு கிடையாது.

கொசுவத்திப் புகையும் மூடின ரூம்ல வேணாம், கொசுவலை கட்டிக்கங்க.