சீனாவில் ஒரு நிறுவனம் தப்பு செய்தால், மக்கள் சட்டத்தை விட ஒழுக்கத்தைப் பற்றி அதிகம் பேசுவது ஏன்?

பழங்காலச் சீனத் தத்துவஞானி கன்பூசியஸின் மரபில் நல்ல மனிதருக்கு ஐந்து குணங்கள் சொல்வார்கள்: பரிவு, நியாயம், முறைமை, விவேகம், சொன்ன சொல் தவறாமை. வியாபாரிக்கும் இதே அளவுகோல்தான், ஏனென்றால் அந்தப் பார்வையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் இருப்பது வெறும் ஒப்பந்தம் இல்லை, ஓர் உறவு. தெருமுனைக் கடைக்காரர் காலாவதியான பிஸ்கட்டை நம் குழந்தை கையில் கொடுத்தனுப்பினால் சட்டப்பிரிவா ஞாபகம் வரும்? "தெரிஞ்ச மனுஷனே இப்படிப் பண்ணிட்டாரே" என்றுதானே தோன்றும்.

2008 இல் நடந்த, சான்லு என்ற சீன நிறுவனத்தின் பால்பவுடர் விவகாரத்தைப் பாருங்கள். புரதச் சோதனை உண்மையில் அளப்பது நைட்ரஜனை. பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமின் என்ற வேதிப்பொருளில் அது ஏராளம், அதனால் தண்ணீர் ஊற்றிய பாலில் மெலமினைக் கலந்தால் சோதனையில் தேறிவிடும். 6 குழந்தைகள் இறந்தன, சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. 2009 இல் இருவருக்கு மரண தண்டனையே நிறைவேற்றினார்கள். சரி, சட்டம் தன் வேலையைச் செய்தது, ஆனால் போன நம்பிக்கை திரும்பவில்லை: பெற்றோர்கள் ஹாங்காங் போய் பால்பவுடரை டின் டின்னாக அள்ளிக்கொண்டு வர, 2013 இல் ஆளுக்கு 2 டின்னுக்கு மேல் வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அங்கே விதியே போட வேண்டியதாயிற்று.

அப்புறம், கன்பூசியஸ் லாபத்துக்கே எதிரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, நேர்வழியில் வராத செல்வம்தான் வேண்டாம் என்றார். அவருடைய முக்கியச் சீடர்களில் ஒருவரான ட்சுகோங்கே பெரிய வியாபாரி.