கடிதம்: விளக்கைத் துரத்தும் ஓட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

கலிஃபோர்னியாவில் 10000 மீட்டர் ரேஸில் ஆறாவதாக வந்த நம்ம நாட்டு ஓட்டக்காரர் குல்வீர் சிங்கை மெச்சி நீங்கள் எழுதியிருந்த குறிப்பை வாசித்தேன். முப்பத்திரண்டு வருஷம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். நீங்கள் மெச்சுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. இந்த மாதிரி ரேஸ்களில் கூலிக்கு ரெண்டு பேர் முன்னால் ஓடுகிறார்கள். தடத்தின் ஓரமாக, குறித்துவைத்த வேகத்தில் விளக்கு எரிந்துகொண்டே போகிறது. காலில் ஸ்பிரிங் வைத்த மாதிரி ஒரு ஷூ. ஆறாவதாக வந்தவனுக்குக் கைதட்டல், டைமிங் நல்லா இருந்ததாம். பக்கத்தில் ஓடுகிறவனை ஜெயிப்பதுதானே ஓட்டம்? பானிஸ்டர் முதல்முதலாக நாலு நிமிஷத்துக்குள் ஒரு மைல் ஓடியபோது விளக்கா எரிந்தது?

இன்னொன்று. என் பேரன் காலேஜில் 5000 மீட்டர் ஓடுகிறான். சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு எதிராளி கிடையாது. ஆனால் டைமிங் 16 நிமிஷத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

*

அன்புள்ள சார்,

நீங்கள் ஓங்கிய கம்பு பானிஸ்டர்தான், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். 1954 மே 6, ஆக்ஸ்ஃபோர்டு. 3 நிமிடம் 59.4 வினாடி. அன்று அவருக்கு முன்னால் முதலில் பிராஷர் இழுத்துக்கொண்டு போனார், அவர் தளர்ந்ததும் சாட்டவே. ரெண்டு பேரும் கூட்டாளிகள், கூலி வாங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். பிராஷர் லேசுப்பட்ட ஆளும் இல்லை, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஸ்டீபிள்சேஸ் என்கிற தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வாங்கியவர். அன்றைக்குக் காற்று வீசியதால் ஓடுவதா வேண்டாமா என்று பானிஸ்டர் கடைசி நேரம் வரை தயங்கியிருக்கிறார்.

காற்றைப் பற்றி நம்ம ஊர்க்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆடி மாசம் ஆலங்குளத்திலிருந்து தென்காசிப் பக்கம் சைக்கிள் மிதித்திருப்பீர்கள். நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். முன்னால் ஒரு வைக்கோல் லாரி போனால் அதன் முதுகோடு ஒட்டிக்கொள்வோம், மிதி சட்டென்று லேசாகிவிடும். பேஸர், அதாவது முன்னால் ஓடி இழுத்துப்போகிறவன், செய்வதில் பாதி வேலை இதுதான். மீதிப் பாதி, கணக்கை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வது. பின்னால் வருகிறவன் வேகத்தைப் பற்றி யோசிக்காமல் அந்த முதுகை மட்டும் பார்த்து ஓடலாம்.

விளக்கு அந்தக் கணக்கை மட்டும்தான் செய்யும். காற்றை மறைக்காது. 2020 ஆகஸ்டில் மொனாக்கோவில் உகாண்டாவின் செப்டகெய் 5000 மீட்டரை 12:35.36இல் முடித்து, எத்தியோப்பியாவின் பெக்கெலே 2004இல் வைத்த 12:37.35 என்கிற உலக சாதனையை உடைத்தார். பாதி தூரத்தையொட்டி பேஸர்கள் ஒதுங்கிவிட்டார்கள். மிச்சத்தை விளக்கோடு தனியாக ஓடினார், சுற்றுக்கு 60 வினாடிக்குக் கொஞ்சம் கூட. விளக்கு யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை சார். ஷூ விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். ஷூவின் அடிப்பாகத் தடிமன் 20 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று இப்போது வரம்பு கட்டியிருக்கிறார்கள். கட்டியது நல்லது.

இனி குல்வீர். 10000 மீட்டரில் சுரேந்திர சிங் 2008இல் ஓடிய 28:02.89 என்கிற இந்திய சாதனை பதினாறு வருஷம் அசையவில்லை. குல்வீர் 2024இல் அதை உடைத்தார், 2025 மார்ச்சில் 27:00.22க்குக் கொண்டுவந்தார். இரண்டும் கலிஃபோர்னியாவில் சான் யுவான் கபிஸ்ட்ரானோ என்கிற சின்ன ஊரில். பகதூர் பிரசாத் 1992இல் ஓடிய 5000 மீட்டர் இந்திய சாதனையை அவினாஷ் சாப்ளே முப்பது வருஷம் கழித்து உடைத்ததும் அதே ஊரில்தான். அந்த மண்ணில் மந்திரம் ஒன்றுமில்லை. ஒரே வேகத்தில் ஓடக்கூடிய இருபது பேர் ஒரே ராத்திரியில் அங்கே வந்து நிற்கிறார்கள்.

2025 டோக்கியோ உலகத் தடகளப் போட்டிக்கான தகுதி நேரம் 27:00.00. குல்வீர் அதைத் தவறவிட்டது 0.22 வினாடியில். அவர் ஓடிய வேகத்துக்கு அது ஒன்றரை மீட்டர்கூட இல்லை. ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர், வளைவில் ஒருவனைத் தாண்ட முதல் தடத்தை விட்டு இரண்டாம் தடத்துக்கு வந்தால் ஒரு முழு வளைவுக்கு நாலு மீட்டர் அளவுக்குக் கூடுதலாக ஓட வேண்டும். இருபத்தைந்து சுற்றில் எங்கோ ஒரு வளைவில், பாதி வளைவுகூட இல்லை, அந்த 0.22 போயிருக்கலாம். ஆறாவதாக வந்தவனை நான் ஏன் மெச்சினேன் என்று கேட்டீர்கள். அந்த ஒன்றரை மீட்டருக்காகத்தான்.

ஜெயிப்பது வேறு வித்தை, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நம்ம புதுக்கோட்டை லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேஸ்வரில் ஆசிய சாம்பியன். 5000 மீட்டர், 14:54. அடுத்த மாதம் லண்டன் உலகப் போட்டியில் அவர் ஓடியது 13:35, தகுதிச் சுற்றோடு வெளியே. தங்கம் வாங்கிய ஓட்டத்தைவிட, தோற்ற ஓட்டம் ஒரு நிமிஷத்துக்கும் மேலே வேகம். புவனேஸ்வரில் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு ஓடினார்கள், லண்டனில் இழுத்துப்போக ஆள் இருந்தது. எது உண்மையான லட்சுமணன்? ரெண்டுமேதான்.

நான் இவ்வளவு நீட்டுவதற்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. 1991, சுண்ணாம்புக் கோடு போட்ட ஒரு மண் மைதானம், 5000 மீட்டர். ஆறாவது சுற்றிலேயே எனக்கு முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லை. பேச்சுத்துணைக்குக்கூட ஒரு மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. வேகமாகப் போகிறேனா, அசந்துவிட்டேனா, ஒன்றும் பிடிபடாது. சுற்று எண்ணுகிற பெரியவருக்கு நடுவில் டீ வந்தது. கடைசிச் சுற்றுக்கான மணி அடித்தது ஒரு சுற்று தாமதமாக. வேலியில் உட்கார்ந்திருந்த கூட்டாளி "ஏல, போதும்ல, நில்லுல" என்று கத்தினான், நான் உற்சாகப்படுத்துகிறான் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன். சான்றிதழில் 5000 மீட்டர், 18 நிமிடம் 20 வினாடி என்று இருக்கிறது. ஓடியது 5400. என் நிஜமான நேரம் எனக்கே இன்றுவரை தெரியாது.

உங்கள் பேரனும் அப்படித்தான் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றுகிறது. 16 நிமிஷம் என்றால் சுற்றுக்கு 76.8 வினாடி. 76ஆக ஓடினால் 15:50. அவன் காலேஜில் 1500 ஓடுகிற பையன்கள் ரெண்டு பேர் இருப்பார்கள். அடுத்த போட்டியில் அவர்களையும் 5000க்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். எண் கட்டி ஓடுகிறவன் இழுத்துப்போவதும், பாதியில் நின்றுவிடுவதும் விதிக்கு உட்பட்டதுதான், வெளியாள் கூட ஓடினால்தான் குற்றம். முதல் மூன்று சுற்று ஒருத்தன், 3:48. அடுத்த மூன்று இன்னொருத்தன், 7:36. அதற்குப் பிறகு இவன் பாடு. வெயில் ஏறிய பிறகு ஓடவிடாதீர்கள், காலை முதல் நிகழ்ச்சியாக வைக்கச் சொல்லி இப்போதே கேட்டுவையுங்கள், உங்கள் சொல்லுக்கு அங்கே மரியாதை இருக்கும்.

சுற்று எண்ண நீங்களே போய் உட்காருங்கள் சார். டீ அப்புறம் குடித்துக்கொள்ளலாம்.