வாசகர் கேள்வி–பதில்: போர் விமானி ஜோ ஃபாஸ் மாநிலப் படைக்கு வந்த கதை

கேள்வி: அமெரிக்காவில் மாநிலங்களுக்கென்று தனிப்படை உண்டு என்றும், இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற விமானி ஜோ ஃபாஸ் பிறகு அப்படியொரு படையை நடத்தினார் என்றும் படித்தேன். அது நம் ஊர்க்காவல் படை போன்றதா? போர் விமானிக்கு அங்கே என்ன வேலை? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெயரை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நம் ஊர்க்காவல் படையினர் திருவிழாவிலும் தேர்தலிலும் காவல் துறைக்குத் துணை நிற்பவர்கள். அமெரிக்கத் தேசியக் காவல் படையோ பீரங்கியும் போர் விமானமும் வைத்திருக்கும் முழுமையான ராணுவம். அதில் பெரும்பாலோர் பகுதிநேர வீரர்கள். வெள்ளம், பனிப்புயல் போன்ற சமயங்களில் மாநில ஆளுநர் அவர்களை அழைக்கலாம். போர் மூண்டால் அதிபர் அதே ஆட்களை மத்திய அரசின் பணிக்கு எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர் மாதிரி. ராஜ்பவனை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஃபாஸ் மரைன் படையின், அதாவது கடற்படையோடு சேர்ந்து கடல்வழி சென்று போரிடும் படையின், விமானி. அந்தப் படைக்கு மாநிலக் கிளைகள் கிடையாது. ஆகவே 1946இல் அவருடைய சொந்த மாநிலமான தெற்கு டகோட்டாவில் தேசியக் காவல் படையின் விமானப் பிரிவான வான் காவல் படை தொடங்கப்பட்டபோது, லெப்டினன்ட் கர்னல் பொறுப்பில் புதிய படைக்கு மாறி, சூ ஃபால்ஸ் நகரில் 175ஆவது போர் விமான ஸ்குவாட்ரனை (விமானக் குழுவை) உருவாக்கி, அதன் முதல் தளபதியும் ஆனார். அமெரிக்க விமானப் படை தனிப்படையாகப் பிரிந்ததே 1947இல்தான் என்பதைப் பார்த்தால், எவ்வளவு தொடக்க நிலையில் இந்த வேலையைக் கையில் எடுத்தார் என்பது விளங்கும். போரில் பயன்பட்ட மஸ்டாங் விமானங்கள் வந்து சேர்ந்தன. வார நாட்களில் வயலையும் கடையையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கொண்டு அவற்றை எந்நேரமும் பறக்கும் நிலையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஃபாஸும் பிழைப்புக்கு வாடகை விமானச் சேவையும் கார் விற்பனையும் நடத்திக்கொண்டிருந்தவர்தான்.

அந்த உழைப்புக்குச் சோதனை ஐந்தாண்டுக்குள் வந்தது. கொரியப் போரையொட்டி 1951இல் ஸ்குவாட்ரன் மத்திய அரசின் பணிக்கு அழைக்கப்பட்டது. ஃபாஸ் கர்னல் தகுதியில் வான் பாதுகாப்புத் தலைமையகமொன்றில் செயல்பாடுகளுக்கும் பயிற்சிக்கும் இயக்குநராகப் பணியாற்றினார். பிறகு பிரிகேடியர் ஜெனரலாக உயர்ந்து, மாநில வான் காவல் படையின் தலைமை அலுவலராக விளங்கினார்.

கேள்வி: அவர் 26 விமானங்களை வீழ்த்தியது உண்மையா? வயதாகிவிட்டது என்று முதலில் ஒதுக்கினார்களாமே? (வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டுமே உண்மை. மின்சாரமில்லாத பண்ணை வீட்டில் 1915இல் பிறந்தவர். புயலில் அறுந்து கிடந்த மின்கம்பியில் பட்டுத் தந்தை இறந்தபின் பண்ணையையும் கவனித்து, பெட்ரோல் நிலையத்திலும் வேலை செய்து, அந்தக் காசில் விமானம் ஓட்டப் பழகினார். மரைன் படையில் சேர்ந்து விமானியான பின், சண்டை விமானத்துக்கு 26 வயது அதிகம் என்று சொல்லி, வானிலிருந்து படமெடுக்கும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் வைல்ட்கேட் என்ற சண்டை விமானத்தில் ஏறினார்.

1942 அக்டோபர் 9ஆம் தேதி ஒரு சிறிய விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து கிளம்பி, ஜப்பானியரோடு சண்டை நடந்துகொண்டிருந்த பசிபிக் கடல் தீவான குவாடல்கனாலின் ஹெண்டர்சன் விமானத்தளத்தில் இறங்கினார். நான்கே நாளில் முதல் எதிரி விமானத்தை வீழ்த்தினார்; அன்றே அவருடைய விமானமும் அடிபட்டு, இன்ஜின் நின்றுபோய், முழு வேகத்தில் ஓடுபாதையில் விழுந்தடித்து இறங்க வேண்டியதாயிற்று. நவம்பர் 7ஆம் தேதி நடந்தது இதைவிட மோசம். மலைட்டா தீவுக்கு அருகே கடலில் விழுந்தபோது விமானம் அவரையும் இழுத்துக்கொண்டு நீருக்குள் போயிற்று. எப்படியோ விடுபட்டு மேலே வந்தவர், இருட்டில் படகுச் சத்தம் கேட்டதும் ஜப்பானியரோ என்று மூச்சுக்கூட விடாமல் மிதந்தார். பேச்சு ஆங்கிலத்தில் கேட்ட பிறகுதான் குரல் கொடுத்தார். கரைசேர்த்து உணவளித்தவர்கள் தீவு மக்கள். மறுநாள் கடல் விமானமொன்று வந்து அழைத்துப் போனது.

1943 ஜனவரி 15ஆம் தேதி அவருடைய கணக்கு 26ஐத் தொட்டது. முதல் உலகப் போரில் அமெரிக்க விமானி எட்டி ரிக்கன்பேக்கர் எட்டிய அதே எண். ஆனாலும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பத்து நாள் கழித்து நடந்தது. எட்டு வைல்ட்கேட், நான்கு பி-38 ஆகிய சண்டை விமானங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஜப்பானியரின் பெரும் விமானப் படையொன்றை வழிமறித்தார். நான்கு எதிரி விமானங்கள் விழுந்தன, குண்டுவீச்சு விமானங்கள் ஒரு குண்டும் போடாமல் திரும்பின. பின்னாளில் ஒரு படையை நடத்தப் போகிறவரின் நிதானத்தை இங்கேதான் பார்க்கிறேன். அந்த ஆண்டு மே மாதம் அதிபர் ரூசவெல்ட் கையால் அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் பெற்றார்.

கேள்வி: படையில் இருந்தவர் ஆளுநரும் ஆனாராமே, அது எப்படி? (வாசகர், சென்னை)

பதில்: பகுதிநேரப் படை என்பதால் அரசியலுக்குத் தடையில்லை. மாநிலச் சட்டமன்றத்தில் இருந்துவிட்டு, 1955இல் 39 வயதில் ஆளுநரானார். மாநிலப் படையின் உச்சத் தளபதி ஆளுநரே என்பதால், தாம் ஆள் திரட்டி உருவாக்கிய ஸ்குவாட்ரனுக்குத் தாமே மேலிடமாக அமர்ந்தார். இரண்டு தவணைக்குப் பின் 1958இல் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். தோற்கடித்தவரும் முன்னாள் போர் விமானிதான்: ஐரோப்பாவில் பி-24 குண்டுவீச்சு விமானம் ஓட்டிய ஜார்ஜ் மெக்கவர்ன்.

2002இல், 86 வயதில், ஃபீனிக்ஸ் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையாளர்கள் அவரிடமிருந்த அந்த மெடல் ஆஃப் ஹானர் பதக்கத்தை இன்னதென்று தெரியாமல் புரட்டிப் புரட்டிப் பார்த்து நெடுநேரம் நிறுத்திவைத்தார்கள். மறு ஆண்டின் முதல் நாள் அவர் காலமானார். சூ ஃபால்ஸ் விமான நிலையம் இன்று ஜோ ஃபாஸ் பெயரில் இருக்கிறது. 175ஆவது ஸ்குவாட்ரன் அங்கிருந்துதான் எஃப்-16 விமானங்களில் பறக்கிறது.