நாலாவது சாட்டிலைட் எதற்கு? ஜிபிஎஸ் கேள்வி பதில்

அண்ணே, சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸில் சாப்பாடு டெலிவரிக்குப் போனால் நீலப் புள்ளி பக்கத்துத் தெருவில் நிற்கிறது. போன் கோளாறா?

போன் மேல் பழி போடாதீர்கள் தம்பி. ஜிபிஎஸ் ரிசீவர் சாட்டிலைட்டின் தூரத்தை, அதன் சிக்னல் வந்து சேர எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் அளக்கிறது. அங்கே உயரமான கட்டடங்கள் நேர் சிக்னலை மறைத்துவிட, எதிர்க் கண்ணாடிச் சுவரில் பட்டுத் தெறித்தது மட்டும் வந்து சேரும். 100 நானோ விநாடி தாமதமானாலே 30 மீட்டர் கூடிவிடும். புதிய போன்கள் சிலவற்றில் எல்5 என்ற இன்னொரு அலைவரிசைச் சிக்னலும் உண்டு. அதன் துடிப்பு பழைய எல்1 அலைவரிசையைவிடப் பத்து மடங்கு குறுகியது. எதிரொலியைப் பிரித்தறிய வசதி. நேர் சிக்னலே வராவிட்டால் அதுவும் கைவிரித்துவிடும்.

இடத்தைச் சொல்ல வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு, உயரம் என மூன்று அளவுகள்தானே? நாலாவது சாட்டிலைட் ஏன்? (பாலிடெக்னிக் மாணவி)

நேரத்துக்காக. மேலே அணுக் கடிகாரம், உங்கள் கையில் மலிவான குவார்ட்ஸ். அது ஒரு மில்லி விநாடி பிசகினால் தூரம் 300 கிலோமீட்டர் தப்பும், இங்கிருந்து ஏறக்குறைய கோலாலம்பூர்! அந்தப் பிசகையும் சேர்த்துக் கணக்குப் போட நாலாவது சமன்பாடு வேண்டும்.

20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் எப்படிப் போனின் காதில் விழுகிறது?

எனக்குப் பிடித்த கேள்வி. ஆன்டெனாவுக்கு வரும்போது சிக்னல் இரைச்சலைவிட ஏறக்குறைய நூறு மடங்கு பலவீனம். ஞாயிற்றுக்கிழமை தேக்கா கூட்டத்தில் ஒருவர் முணுமுணுப்பது மாதிரி. ஆனால் அவர் முணுமுணுக்கும் பாட்டு நமக்கு மனப்பாடம். ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் 1,023 துடிப்புகள் கொண்ட தனிக் குறியீடு, மில்லி விநாடிக்கு ஒருமுறை திரும்ப வரும். ரிசீவர் தன்னிடமுள்ள நகலை நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்க்கும். பொருந்திய இடத்தில் சிக்னல் கூடிக்கொண்டே போகும், இரைச்சல் தன்னைத்தானே அடித்துக்கொள்ளும்.

அதற்காக இரைச்சலை நாமே கூட்டக் கூடாது. நான் வடிவமைத்த முதல் ஜிபிஎஸ் சர்க்யூட் போர்டில் திரைக்குப் போகும் கேபிளை ஆன்டெனா ஓரமாக ஓட்டிவிட்டேன். திரை அணைந்திருந்தால் 9 சாட்டிலைட், எரிந்தால் 2. கண்டுபிடிக்க மூன்று நாள்!

கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள்?

சாட்டிலைட் சிக்னல் கிடையாது. வேகம், திருப்பம் பார்த்துப் போன் ஊகம் போடும்.

கட்டுமானத் தளத்தில் சர்வே செய்கிறேன். சில இரவுகளில் 8 மணிக்கு மேல் சென்டிமீட்டர் துல்லியம் அறுந்துபோகிறது. ஏன்?

நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வரும் தொல்லை இது. சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தில், அதாவது வானில் உயரே மின்னேற்றத் துகள்கள் நிறைந்த அடுக்கில், குமிழிகள் கிளம்பி சிக்னலை மினுக்க வைக்கும். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில் அதிகம். வரைபடம் பார்க்கிறவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் உயிர் போகும். அந்த மாதங்களில் முக்கியமான புள்ளிகளைக் காலையிலேயே அளந்துவிடுங்கள்.