சிவப்பில் இருக்கும் அக்கா

வேலையிடச் சிக்கல்கள் குறித்த வாசகர் கேள்விகளுக்கு, கப்பலூரில் ரப்பர் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: நான் வடபழஞ்சிப் பக்கம் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் டீம் லீடர். அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்புகளுக்கு, இன்ஷூரன்ஸ் பணம் கேட்பதற்கான கோடுகளை (நோய், சிகிச்சைக்கான குறியீடுகள்) முதலில் ஏ.ஐ. போட்டுவிடும், நாங்கள் சரிபார்ப்போம். யார் மணிக்கு எத்தனை சார்ட் (ஒரு நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு) முடித்தார் என்பதையும் மென்பொருளே எண்ணி, பச்சை, மஞ்சள், சிவப்பு காட்டுகிறது. என்னைவிட வயதில் மூத்த அக்கா ஒருவர் எப்போதும் சிவப்பில் இருக்கிறார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கச் சொல்கிறார் மேனேஜர். மார்க் போடுவதும் மென்பொருள், கடிதம் எழுதித் தருவதும் மென்பொருள். நடுவில் நான் எதற்கு?
— வாசகி, நாகமலை புதுக்கோட்டை

பதில்: கடிதத்தின் அடியில் கையெழுத்து யாருடையது தாயி? அதற்குத்தான் நீங்கள்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அந்த அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு ஒரு மத்தியானம் உட்காருங்கள். ‘ஏன் சிவப்பு?’ என்று கேட்டுவிடாதீர்கள். அப்படிக் கேட்டால் யாருக்கும் வாய் திறக்காது. அவர் கைக்கு எந்த மாதிரி சார்ட் வருகிறது என்று மட்டும் பாருங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. எல்லா ஆபீஸிலும் இப்படி ஓர் அக்கா உண்டு. ‘அக்கா, இது ஒண்ணு மட்டும் பாத்துக் குடுங்க’ என்று பிள்ளைகள் எல்லாரும் சிக்கலான கேஸை அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். ஒரு பக்கக் காய்ச்சல் கேஸும், மூன்று அறுவை சிகிச்சை நடந்த நாற்பது பக்கக் கேஸும் உங்கள் மென்பொருளின் எண்ணிக்கையில் ஒவ்வொன்றுதான். என் சந்தேகம் சரியென்றால், மற்றவர்கள் பச்சையில் இருப்பதே அவர் சிவப்பில் இருப்பதால்தான்.

இதை மேனேஜரிடம் வாயால் சொன்னால் நடக்காது. ‘பாவம், நல்ல அக்கா’ என்று போய் நின்றால் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். அக்கா முடித்த கிளெய்ம்களில் எத்தனையை இன்ஷூரன்ஸ்காரர்கள் டினையல், அதாவது பணம் தர முடியாது, என்று திருப்பினார்கள், மற்றவர்கள் முடித்ததில் எத்தனை திரும்பியது, ஒரு சார்ட் சராசரியாக எத்தனை பக்கம் என்று கணக்கு எடுத்துக்கொண்டு போங்கள். கணக்குக்குக் கணக்குதான் பதில்.

கணக்கு அக்காவுக்கு எதிராகவும் வரலாம். அப்போதும் கடிதம் கடைசியில்தான். கண்ணாடி பவர் மாறியிருக்கும், வீட்டில் யாராவது படுத்த படுக்கையாக இருப்பார்கள், புது ஸ்கிரீன் பிடிபடாமல் இருக்கும். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். குறை இருந்தால் மழுப்பாமல் சொல்லுங்கள். ஆனால் மீட்டிங்கில் அந்தக் கலர் பட்டியலைத் திரையில் போட்டுக் காட்டுகிற வழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

‘கம்ப்யூட்டர் யாருக்கும் வேண்டியவர் வேண்டாதவர் பார்க்காது’ என்று மேனேஜர் சொல்வார். 2018-ல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைக் காட்டுங்கள். வேலைக்கு வரும் விண்ணப்பங்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுக்கிற மென்பொருள் ஒன்றை அமேசான் செய்து பார்த்தது. தங்களுக்குப் பத்தாண்டுகளில் வந்த விண்ணப்பங்களைக் கொடுத்துப் பழக்கினார்கள்; அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. மென்பொருளும் ஆண்கள்தான் தேவலை என்று கற்றுக்கொண்டது. ‘பெண்கள் செஸ் கிளப் கேப்டன்’ என்பது போல ‘பெண்கள்’ என்ற சொல் வந்தாலே மதிப்பைக் குறைத்தது. கடைசியில் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் லாட்ஜில் வாட்ஸ்அப் விசாரணைக்கு ஏ.ஐ. பதில் சொல்கிறது. சித்திரைத் திருவிழா சமயத்துக்கும் சாதாரண நாள் வாடகையையே சொல்லிவிட்டது. அதை நம்பி வந்த குடும்பத்துக்கும் ரிசப்ஷன் தம்பிக்கும் பெரிய சண்டை. கடைசியில் குறைந்த வாடகைக்கே ரூம் கொடுத்துவிட்டான். நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடிக்கலாமா?
— வாசகர், டவுன்ஹால் ரோடு

பதில்: கூடாது. அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்தில் மதுரையில் ரூம் என்ன விலைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை அந்த மென்பொருளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

இதே மாதிரி ஒரு வழக்கு கனடாவில் நடந்தது. பாட்டி இறந்ததற்கு ஊருக்குப் போன ஒருவரிடம், துக்கத்துக்கான கட்டணச் சலுகையைப் பயணம் முடிந்த பிறகும் விண்ணப்பித்து வாங்கலாம் என்று ஏர் கனடாவின் சாட்பாட் சொல்லிவிட்டது. கம்பெனி விதி அப்படி இல்லை. சாட்பாட் சொன்னதற்குச் சாட்பாட்தான் பொறுப்பு என்கிற அளவுக்குப் போனது கம்பெனியின் வாதம். 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டு, அவருக்குப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. ஒரு விமானக் கம்பெனிக்கே இந்தக் கதி, அண்ணாச்சி.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டு, செய்தது சரி என்று சொல்லுங்கள். இனி எழுத்தில் போன வாடகைதான் வாடகை, இன்ன தொகை வரைக்கும் உங்களைக் கேட்காமலே அவன் விட்டுக்கொடுக்கலாம் என்றும் சொல்லிவிடுங்கள். ராத்திரி நேரத்தில் பையும் பிள்ளையுமாக நிற்கிறவர்களிடம் ‘ஓனரக் கேட்டுச் சொல்றேன்’ என்று அவனைச் சொல்ல வைப்பது அவனுக்கும் கஷ்டம், உங்கள் பெயருக்கும் கேடு.

கேள்வி: எனக்குக் கீழே வேலை பார்ப்பவரின் அப்பா இறந்துவிட்டார். இரங்கல் மெயிலை சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கலாமா?
— வாசகர், கே.கே. நகர்

பதில்: கே.கே. நகரிலிருந்து தத்தனேரி மயானம் எவ்வளவு தூரம்? வண்டியை எடுங்கள். சர்க்குலர், மீட்டிங் குறிப்பு எல்லாம் அது எழுதட்டும். என் எழுத்தைவிட நன்றாகவே எழுதுகிறது.

கேள்வி: எங்கள் யூனிட்டில் பாகங்களைக் கேமராவும் ஏ.ஐ.யும் பார்த்துத் தரம் பிரிக்கின்றன. பழைய ஆபரேட்டர் ஒருவர் மட்டும், கேமரா ஓகே சொன்னதை ரிஜெக்ட் என்று எடுத்து வைக்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
— வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் அவர் எடுத்து வைத்ததைக் கையில் வாங்கிப் பாருங்கள். நாங்கள் செய்த ரப்பர் பாகங்களில், விரலால் வளைத்தால் மட்டும் வாய் பிளக்கிற வெடிப்பு உண்டு. மேலிருந்து படம் எடுக்கிற கேமராவுக்கு அது எப்படித் தெரியும்?

டொயோட்டா தொழிற்சாலைகளில் லைன் ஓரமாக ஒரு கயிறு இருக்கும். கோளாறு என்று தோன்றினால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். டீம் லீடர் ஓடி வருவார். உடனே தீரவில்லை என்றால் லைன் நிற்கும். கயிறு கட்டுவது சுலபம். ஒருவன் இழுத்து, கோளாறு ஒன்றுமில்லை என்று ஆகிப்போகும் பாருங்கள், அன்றைக்கு சூப்பர்வைசர் மூஞ்சியைத்தான் லைன் முழுக்கப் பார்க்கும். அவர் சிடுசிடுத்தால் அதோடு சரி, அப்புறம் ஒருத்தனும் கயிறைத் தொடமாட்டான்.

இன்னொன்று. சுலபமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, அது திணறும்போது மட்டும் மனிதனைக் கூப்பிடுகிறோம். ஆனால் அன்றாடம் செய்யாததால் அவனுக்குக் கைப்பழக்கம் போயிருக்கும் என்று 1983-லேயே எழுதினார் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியல் ஆய்வாளர். ஏ.ஐ. வருவதற்கு வெகு முன்னால். அதனால் ஷிப்டுக்கு ஒரு டிரே, கேமராவுக்குப் போகும் முன்பே, கையால் பார்க்க வேண்டும் என்று வையுங்கள். சின்னப் பையன்கள் பார்க்கட்டும், பக்கத்தில் அந்த ஆபரேட்டர் நிற்கட்டும். கேமரா சொன்னதோடு பிறகு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு டிரேக்கு ஆகிற நேரத்தைப் பார்த்து முதலாளி முகம் சுளிப்பார், பரவாயில்லை.

அந்த ஆபரேட்டர் எப்போது ரிடையர் ஆகிறார்? அதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே.