விளையாட்டுக் கேள்வி – பதில்: கோல் மாறும் 20 மீற்றர்

ஹாங்சூ ஆசிய விளையாட்டு விழாவில் ஆண்களும் பெண்களும் சேர்ந்தோடும் 4×400 கலப்பு அஞ்சலோட்டத்தில் நம்மவர்கள் இரண்டாவதாக வந்தும் வெள்ளி இந்தியாவுக்குப் போனதே, ஏன்?
– வாசகர், வெள்ளவத்தை

சுவடு (ஓடுபாதையில் ஒவ்வொருவருக்கும் கோடிட்ட வழி) மீறல் என்று தீர்ப்பாகி இலங்கை தகுதிநீக்கம் செய்யப்பட்டது. மூன்றாவதாக வந்த இந்தியா வெள்ளிக்கு ஏறியது.

4×400 இல் முதலாமவர் முழுச் சுற்றையும் தன் சுவட்டுக்குள்ளேயே ஓட வேண்டும். இரண்டாமவர் முதல் வளைவை முடித்து, குறுக்கே போடப்பட்ட பச்சைக் கோட்டைத் தாண்டிய பிறகே உட்பக்கம் வரலாம். ஒரு காலடி முந்தினாலும் கொடி உயரும். வளைவில் இடப்பக்கக் கோட்டை ஒருமுறை மிதித்தால் இப்போது மன்னிப்பு உண்டு. கோட்டை முழுதாகத் தாண்டி உள்ளே கால் வைத்தால் இல்லை. ஆட்சேபிக்க, முடிவு அறிவித்து 30 நிமிடம்தான். ஆகவே அணி முகாமையாளருக்கு விதிப்புத்தகம் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

அந்த ஏமாற்றம் நீடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஆண்கள், பெண்கள் 4×400 இரண்டிலும் வெண்கலம், தருஷி கருணாரத்னவுக்கு 800 மீற்றரில் தங்கம். 2018 ஜகார்த்தாவிலிருந்து ஒரு பதக்கமும் இல்லாமல் திரும்பிய நாடு இது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாடசாலை அணி நன்றாக ஓடுகிறது. கோல் மாற்றும் இடத்தில்தான் எப்போதும் பின்தங்குகிறோம்.
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

4×100 பழக்கத்தை 4×400 க்குக் கொண்டுவருகிறீர்களோ என்று சந்தேகம். அங்கே கோல் மாற்றும் வலயம் 30 மீற்றர், திரும்பிப் பார்க்காமல் வாங்கலாம். இங்கே 20 மீற்றர்தான். வருபவரோ கால் கனத்து, தள்ளாடாத குறையாக வருகிறார். வாங்குபவர் அவரைப் பார்த்தபடியே வாங்க வேண்டும்.

மைதானத்தின் உட்பக்கம் முகம் பார்க்க நின்று, இடக்கையைத் தோள் உயரத்தில் நீட்டச் சொல்லுங்கள். கொடுப்பவர் வலக்கையால் கொடுக்கட்டும். வாங்கியபின் கோலை வலக்கைக்கு மாற்றிக்கொள்ளலாம். புறப்படும் வேகத்தை வருபவரின் கடைசி 50 மீற்றரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். அவர் திணறினால் மெல்லப் புறப்படவேண்டும். இதை ஆறின உடம்போடு பழக்கிப் பயனில்லை, 300 மீற்றர் ஓடவிட்டுப் பிறகு மாற்றச் சொல்லுங்கள்.

கோல் வலயத்துக்குள் இருக்கிறதா என்பதே கணக்கு; உடம்பு எங்கே என்பதல்ல. ஆனால் வாங்குபவர் வலயத்துக்கு வெளியே நின்று ஓடத் தொடங்கக்கூடாது. கோல் விழுந்தால் தவறவிட்டவரே எடுக்க வேண்டும். மூன்றாம், நான்காம் ஓட்டக்காரர் நிற்கும் வரிசை, தம் அணியினர் 200 மீற்றரைக் கடக்கும் ஒழுங்கில் அமையும். பிறகு இடம் மாறி நின்றால் முழு அணியும் போச்சு. பாடசாலைப் போட்டிகளில் இதைக் கவனிப்பவர் குறைவு. கொடுத்து முடித்தவர் உடனே குறுக்கே விலகி, பின்னால் வருபவரை மறிப்பதும் அப்படித்தான்.

ஆசிய விழாவில் இலங்கையின் முதல் தங்கம் யாருடையது?
– மாணவன், தெகிவளை

நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ். மத்திய கல்லூரி. 1958 டோக்கியோ, உயரம் பாய்தல், 2.03 மீற்றர். 1962 ஜகார்த்தாவில் வெள்ளி. பொது அறிவுப் பரீட்சையில் வராவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

என் மகள் தேசிய தெரிவுப் போட்டிக்குப் போகிறாள். தடிமன் பிடித்தால் பாமசியில் மருந்து வாங்கலாமா?
– தாய், வத்தளை

பெயர் பார்க்காமல் வாங்காதீர்கள். பரசிற்றமோல் மட்டும் உள்ள குளிசைக்குத் தடையில்லை. மூக்கடைப்புக்கான கூட்டு மருந்துகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் என்ற ஊக்கி இருக்கும். போட்டிக் காலத்தில் சிறுநீரில் அது மில்லிலீற்றருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் ஊக்கமருந்துக் குற்றம். போட்டிக் காலம் என்பது முதல்நாள் இரவு 11.59 க்கே தொடங்குகிறது. தெரியாமல் குடித்தேன் என்ற சமாதானம் எடுபடாது. உடம்பில் இருந்தால் பொறுப்பு அவளுடையதே.

ஆட்டுக்கால் சூப், இஞ்சிப் பிளேன்ரீ தாராளமாகக் கொடுங்கள். உள்ளடக்கம் அச்சிடாத அரிஷ்டம், தசை ஏற்றும் மா வகைகள் வேண்டாம். ஆஸ்துமா பம்ப் பாவிப்பவளானால் மருந்தின் பெயரை இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்திடம் முன்கூட்டியே விசாரியுங்கள். சிலவற்றுக்குச் சிகிச்சை விலக்கு அனுமதி (தடையுள்ள மருந்தைச் சிகிச்சைக்காகப் பாவிக்கும் அனுமதி) எழுத்தில் வேண்டும், அதற்கு டொக்டரின் அறிக்கையும் தேவை. மருந்துப் பெட்டியையும் மருந்துத் துண்டையும் எறிந்துவிடாதீர்கள், ஊக்கமருந்துச் சோதனைப் படிவத்தில் அண்மையில் பாவித்த மருந்துகளைக் கேட்பார்கள்.